ஊரே எழுதிய லிசனிங் டெஸ்ட்

வேப்பமரத்தின் ஒரு கிளையில் ஒரு காலும் இன்னொரு கிளையில் மறு காலுமாக நின்றுகொண்டு, கட்டுக்கம்பியைப் பல்லில் கடித்தபடி, இரண்டாவது குழாய் ஸ்பீக்கரை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். ஆடி மாதம். அம்மனுக்குக் கூழ் ஊற்றும் திருவிழாவின் முதல் நாள். கிழக்கே உப்பளத்துக்கு மேல் வானம் அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. கீழே கோயில் வாசலில் பெண்கள் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கேழ்வரகு கொதிக்கும் வாசனை விறகுப் புகையோடு சேர்ந்து மரத்துக்கு மேலே ஏறி வந்தது.

ஆம்ப்ளிஃபையரைப் போட்டு, 'அம்மன் பாடல்கள்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்த கேசட்டைச் செருகி, பட்டனை அழுத்திவிட்டுத்தான் மரம் ஏறியிருந்தேன். கேசட்டின் தொடக்கத்தில் கொஞ்ச நேரம் வெறும் நாடா ஓடும். பாட்டு தொடங்குவதற்குள் கட்டி முடித்துவிடலாம் என்பது என் நினைப்பு.

உடுக்கைச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வந்தது ஓர் ஆண் குரல். வெள்ளைக்காரக் குரல். அவசரமே இல்லாத குரல்.

'செக்‌ஷன் ஒன்' என்றது.

அம்மன் கோயில் வாசலில், விடியற்காலையில், என் காதுக்கு ஒரு சாண் தூரத்தில்.

மரத்து மேலே நான்

கையை விட்டால் குழாய் கீழே விழும். கீழே கோலம் போடுகிறவர்களின் தலைகள் இருந்தன. அதனால் கையை விட முடியவில்லை. வாயில் கம்பி இருந்ததால் கத்தவும் முடியவில்லை.

யாராவது போய் பட்டனை அணைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்கும் நானே வழியில்லாமல் செய்து வைத்திருந்தேன். பிள்ளைகள் கை வைத்துக் கெடுத்துவிடக் கூடாது என்று, என் ஆம்ப்ளிஃபையரைத் தொட்டால் ஷாக் அடித்து ஆளைத் தூக்கி எறியும் என்று வருஷக்கணக்காக ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். ஊர் அதை நம்பியிருந்தது. எல்லோரும் ஆம்ப்ளிஃபையரைச் சுற்றி மரியாதையான தூரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளைக்காரருக்குப் பிறகு ஒரு பெண் பேசினாள். கொஞ்சம் பதறிய குரல். அவளிடம் ஒருவன் கேள்வி கேட்டுக்கொண்டே போனான். பெயர் என்ன, எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள், எந்த பஸ், என்ன நிறம். எங்கள் ஊரைச் சுற்றி மேடு கிடையாது, பெரிய மரங்களும் குறைவு. உப்பளம் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் ஊர். ஆடி மாதத்து மேல்காற்றில் குழாய் ஸ்பீக்கர் சத்தம் உப்புப் பாத்திகளின் மேல் வழுக்கிக்கொண்டு கடற்கரை ரோடு வரைக்கும் போகும். போயிற்று.

கடைசியில் அந்த முதல் ஆண் குரல் திரும்ப வந்து, விடைகளைச் சரிபார்க்க உங்களுக்கு அரை நிமிஷம் தருகிறோம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அடங்கியது. அப்புறம் சத்தமே இல்லை. கோயில், கோலம், கூழ் அடுப்பு, உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள், எல்லோரும் அந்த அரை நிமிஷம் அடுத்து என்ன என்று வானத்தைப் பார்த்தபடி நின்றதை நான் மரத்து மேலிருந்து பார்த்தேன். அதற்குள் எப்படியோ குழாயைக் கட்டிவிட்டு, சட்டை கிழிய இறங்கி ஓடினேன்.

நான் போய்ச் சேருவதற்குள் ஈரத் தலையோடு என் மனைவி கௌரி ஓடி வந்து பட்டனை அணைத்திருந்தாள். அவளுக்கு மட்டும்தான் அந்த ஷாக் கதையில் நம்பிக்கை இல்லை.

கூவின மைக்

சென்ற வாரம் இந்தத் தொடரில் கட்சிக் கூட்டத்தில் மைக் செத்துப்போன கதையை எழுதியதும் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "உங்கள் வீட்டம்மா ஸ்காட்லாந்தில் படித்தவர் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மைக் செட்காரர் வீட்டிலிருந்து எப்படி?" இப்படித்தான், அம்மா. இந்தக் கேசட்டிலிருந்துதான்.

கௌரியை நான் முதலில் பார்த்ததே மைக்கால்தான். புதுச்சேரியில் அவள் படித்த நர்சிங் கல்லூரியின் ஆண்டு விழாவுக்கு மைக் செட் போடப் போயிருந்தேன். பிரார்த்தனைப் பாட்டு அவளுடையது. அவள் வாயைத் திறந்ததும் மைக் கூவியது. மூடியதும் நின்றது. மறுபடி திறந்தாள். மறுபடி கூவியது. பாட்டை நிறுத்திவிட்டு மேடையிலிருந்து நேராக என்னிடம் இறங்கி வந்தாள்.

"அண்ணா, ஒண்ணு அது பாடட்டும், இல்ல நான் பாடறேன். ரெண்டு பேரும் சேர்ந்து வேணாம்."

ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தேன். அவள் பாடினாள். தூரத்து உறவு என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்ததும் பெரியவர்களுக்கு வேலை சுலபமாகிவிட்டது. 'அண்ணா' என்று கூப்பிட்டதை மட்டும் இரண்டு வீட்டிலும் யாரிடமும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருவாள். நான் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கருமாதி என்று குழாய் கட்டிக்கொண்டிருந்தேன். உப்புக் காற்றில் ஸ்க்ரூ துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். அதைச் சுரண்டுவதே பாதி வேலை. ஆனால் குறை ஒன்றும் இல்லை.

அப்புறம் சுனாமி வந்தது. எங்கள் ஊர் உள்ளே தள்ளி இருந்ததால் தப்பித்தது. கௌரி கடலோர எக்கியார்குப்பம் பக்கம் நிவாரண முகாம்களில் வேலை பார்க்கப் போனாள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பியவள், ஒருநாள் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள்.

"ஊசி போடறதுக்கு முன்னாடியே செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்குதுங்க. தண்ணி, கக்கூசு, கொழந்தைங்க சாப்பாடு. ஒரு எடத்துல நோயே வராம பார்த்துக்கறது எப்படின்னு ஒரு படிப்பு இருக்குது. நான் அதைப் படிக்கணும்."

"படியேன்."

"இங்க இல்ல. ஸ்காட்லாந்துல."

நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன். அந்த நாடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்த ஐந்து

பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் மொத்தமாக ஆறரை வாங்க வேண்டும். எந்தப் பாகத்திலும் ஆறுக்குக் கீழே போகக் கூடாது. கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நாலு பாகம். ஒன்பதுதான் உச்சம். கேட்கிற பாகத்துக்கு லிசனிங் என்று பெயர். டேப்பில் யார் யாரோ பேசுவார்கள். ஒரே தடவைதான் போடுவார்கள். கேட்டுக்கொண்டே விடை எழுத வேண்டும்.

சித்திரை மாதத்தில் சென்னைக்குப் போய் எழுதிவிட்டு வந்தாள். பேசியதில் ஏழு. படித்ததில் ஆறரை. எழுதியதில் ஆறு. கேட்டதில் ஐந்து.

"வீட்ல வாக்மேன்ல கேக்கும்போது எல்லாம் வந்துதுங்க. அங்க பெரிய ஹாலு. ஒரு மூலைல ஸ்பீக்கர வச்சிட்டாங்க. மேல ஃபேனுங்க கடகடன்னு ஓடுது. எதிரொலி வேற. நான் ஒரு பதிலை எழுதறதுக்குள்ள அவங்க மூணு கேள்வி தாண்டிட்டாங்க."

"ஸ்பீக்கர் எந்த மூலைல வச்சிருந்தாங்க?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது என்று புரிந்தது.

ஒருமுறை எழுதினால் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி எழுத முடியும் என்பது அந்தக் காலத்து விதி. அதன்படி அடுத்த தேர்வு ஆவணியில். தை மாதம் வகுப்பு தொடங்குவதால், அதில் தவறினால் அந்த இடம் போய்விடும். புதுச்சேரியில் ஒரு பயிற்சி மையத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் தந்த கேசட்டை, என் இரட்டை டெக்கில் போட்டு நகல் எடுத்தாள். புதுக் கேசட் கைவசம் இல்லை. என்னிடம் இரண்டு 'அம்மன் பாடல்கள்' இருந்தன. அதில் தேய்ந்துபோன ஒன்றில், மேலே பதிவாகாமல் தடுக்கும் ஓட்டையில் செலோடேப் ஒட்டி, அதன்மேல் பதிவு செய்துகொண்டாள். மேலே எழுதியிருந்த பெயரை மாற்றவில்லை. திருவிழாவன்று அவசரத்தில் என் கைக்கு வந்தது அதுதான்.

பை கெடச்சுதா

தர்மகர்த்தா ராமலிங்கம் நிதானமானவர். கோபம் வந்தால் இன்னும் நிதானமாகிவிடுவார். கூழ் ஊற்றுவதற்கு முன்பே எங்கள் இருவரையும் கோயில் முன்னால் நிறுத்தினார். சுற்றிலும் ஊர் நின்றது. உப்பளத்திலிருந்து சில பெண்கள் கால் முழுக்க உப்புச் சேற்றோடு வந்து சேர்ந்திருந்தார்கள்.

"ஏம்பா ஏழுமலை, அம்மனுக்கு எத்தினி வருஷமா கொழாய் கட்டற?"

"அப்பா காலத்துலருந்துங்க."

"அப்போலாம் அம்மன் தமிழ்தானே பேசிச்சு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கௌரி பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. அந்த ஆளு இன்னா பேசினான்? சாமியப் பத்தி எதுனா தப்பா பேசினானா?"

"ஐயோ இல்லீங்க மாமா. ஒரு பொம்பள பஸ்ஸுல பையத் தொலைச்சிட்டா. ஆபீஸ்ல போயி சொல்றா. அவங்க அடையாளம் கேக்கறாங்க. அவ்ளோதான். அது பரீட்சைக்குப் படிக்கிற கேசட்டு."

கூட்டம் கொஞ்சம் தளர்ந்தது. உப்பளத்தில் பெண்களுக்கு மேஸ்திரியாக இருந்த அஞ்சலை முன்னால் வந்தாள். நாற்பது வயசு இருக்கும். குரல் என் குழாயை விடப் பெரியது.

"பை கெடச்சுதா?"

"அத சொல்ல மாட்டாங்கக்கா. அதோட முடிஞ்சிடும்."

"அப்பறம் எதுக்கு நம்மகிட்ட சொல்றான்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அது நியாயமான கேள்வியாகவே ஊருக்குப் பட்டது. உப்பு லாரியில் மூட்டை ஏற்றும் ஒருவர், "பிளாக் பைன்னு சொன்னா. எனக்கே கேட்டுது" என்றார். "பிரவுனு" என்றார் பக்கத்தில் நின்றவர். இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. கௌரி அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகம் மெல்ல மாறியது.

"ரெண்டு பேருக்குமே சரியாத்தாங்க கேட்டிருக்குது. மொதல்ல பிளாக்குன்னு சொல்றா. அப்பறம், இல்ல இல்ல, அது பழைய பை, இது பிரவுனுன்னு மாத்திடறா. நான் வீட்ல எத்தினியோ தடவை இதைக் கேட்டிருக்கேன். எப்பவும் மொதல்ல சொன்னதையே எழுதிட்டு அடுத்ததுக்குப் போயிடுவேன்." விரல் விட்டு மற்ற கேள்விகளை எண்ணிப் பார்த்தாள். "எல்லாத்துலயும் அப்படித்தான் பண்றாங்க. ஒண்ணு சொல்லி, மாத்திச் சொல்றாங்க. மாத்தினதுதான் பதிலு."

"இதுக்குப் பேரு பரீட்சையா?" என்றாள் அஞ்சலை. "எங்க வீட்டுக்காரரு தெனம் சாயங்காலம் இதைத்தான் பண்றாரு."

இப்போது சிரித்தார்கள். தர்மகர்த்தாவும் மேல்துண்டால் வாயைத் துடைப்பது போல மறைத்துக்கொண்டு சிரித்தார்.

முதல்ல அம்மன்

"எப்போ அந்தப் பரீட்சை?" என்று கேட்டார் தர்மகர்த்தா.

"அடுத்த மாசம், மாமா."

"எதுக்குப் படிக்கிற?"

முகாம்களில் பார்த்ததைச் சொன்னாள். தண்ணீர்த் தொட்டி, வயிற்றுப்போக்கு, குழந்தைகள். தர்மகர்த்தா கேட்டுக்கொண்டே மேல்துண்டை மடித்துத் தோளில் போட்டார். அவருடைய மகள் கல்யாணமாகிப் போனது கடலோரக் குப்பத்துக்குப் பக்கத்தில்தான். அந்த முகாம்களில் ஒன்றில் சில வாரம் இருந்தவள் அவள்.

"திருவிழா முடியற வரைக்கும் காலைல கொழாய் ஓடத்தான போவுது. அம்மன் பாட்டு முடிஞ்சதும் கொஞ்ச நேரம் உன் கேசட்டப் போட்டுக்கோ. ஆனா மொதல்ல அம்மன்."

"மாமா, ஊருக்குத் தொந்தரவா..."

"அம்மனும் கேக்கட்டுமே. இவ எதுக்கு வேண்டிக்கறான்னு அதுக்கும் தெரியணும்ல."

திருவிழா முடிந்தும் குழாய் இறங்கவில்லை. இந்த வாரம் ஒரு வீட்டில் காதுகுத்து, அடுத்த வாரம் இன்னொரு வீட்டில் பொங்கல் வைப்பது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி அதை மரத்திலேயே விட்டு வைத்தார்கள். எங்கள் ஊர் ஒரு மாதம் ஆங்கிலத் தேர்வுக்குப் படித்தது.

இரண்டாம் பாகத்தில் ஒருவர் மியூசியத்தைச் சுற்றிக் காட்டுவார். அவரை எல்லோருக்கும் பிடித்திருந்தது. மூன்றாம் பாகத்தில் இரண்டு மாணவர்கள் வாத்தியாரிடம் கால அவகாசம் கேட்பார்கள். "குடுத்தாரா?" என்று மறுநாள் பஸ் ஸ்டாப்பில் கௌரியிடம் கேட்டார்கள். நான்காம் பாகம் தேனீக்களைப் பற்றி நீளமான சொற்பொழிவு. அது மட்டும் யாருக்கும் ஒத்துவரவில்லை. "வாத்தியார்னா எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் போல" என்றார் டீக்கடைக்காரர்.

பயிற்சி மையத்திலிருந்து கௌரி வேறு கேசட்டுகள் வாங்கி வந்தபோது, இந்தத் தடவை தொலைந்தது பர்ஸா பையா என்று விசாரித்தார்கள்.

கடைசி வரப்பு

நான் நினைத்தது, அவள் கோயில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள் என்று. அவள் பென்சிலையும் விடைத்தாளையும் எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குள் நடந்தாள். முதல் நாள் பக்கத்து வரப்பு. பிறகு அதற்கடுத்தது. தினமும் கொஞ்சம் தூரம். குரல் காற்றில் மங்கி மங்கி, ஒரு வார்த்தை வந்து ஒரு வார்த்தை போகிற இடம் வரைக்கும்.

ஒருநாள் நானும் பின்னால் போனேன். வெயில் ஏறாத நேரம். பாத்திகளில் தண்ணீர் இளஞ்சிவப்பாக நின்றது. அஞ்சலையின் ஆட்கள் மரப்பலகையால் உப்பை இழுத்துக் கரையில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஈர உப்பு சரசரவென்று கரையேறும் சத்தம். பக்கத்தில் டீசல் பம்பு வேறு. கௌரி வரப்பில் குந்தி, தொடையில் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"பேசாதீங்கடி, அவ பரீட்சை எழுதறா" என்று அஞ்சலை அதட்டினாள்.

கௌரி நிமிராமல் சொன்னாள். "பேசுங்கக்கா. நீங்க பேசிக்கிட்டே இருக்கணும். அப்பதான் எனக்குப் பழகும்."

"இன்னா பேசறது?"

"எப்பவும் பேசறத பேசுங்க."

பேசச் சொன்னதும் ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. பிறகு யாரோ ஒருத்தி தன் நாத்தனாரைப் பற்றி ஆரம்பித்தாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவில், தூரத்துக் குழாயிலிருந்து வந்த தேனீக்களைத் தேடிப் பிடித்து எழுதிக்கொண்டிருந்தாள் கௌரி. புருவங்களுக்கு நடுவில் ஒரு கோடு விழுந்திருந்தது. அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

திரும்பி நடந்தபோது எனக்குள் இரண்டு எண்ணங்கள் ஓடின. இவளுக்குக் கிடைக்க வேண்டும். கிடைத்தால் போய்விடுவாள். இரண்டில் எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. கோயிலுக்கு வந்து, வார்த்தை தூரத்துக்கும் தெளிவாகக் கேட்கும்படி ஆம்ப்ளிஃபையரில் ட்ரெபிளை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

லாரி பின்னால் வந்தது

தேர்வு நாளன்று சென்னையில் பரீட்சை ஹாலுக்கு வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் கீழே பெற்றோர்களும் புருஷன்மார்களும் நின்றோம். பேங்கில் வேலை பார்ப்பதாகச் சொன்ன ஒரு பெரியவர், மகன் எழுதுகிற நேரம் முழுவதும் மரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார். நானும் கொஞ்ச தூரம் அவரோடு சுற்றினேன்.

மத்தியானம் இடைவேளையில் கௌரி வெளியே வந்தாள். வீட்டிலிருந்து கொண்டுபோன புளிசாதத்தைத் திறந்தோம்.

"கேட்டுதா?" என்றேன்.

"பின்வரிசை. நடுவுல வெளிய ஒரு லாரிக்காரன் பாட்டுப் போட்டுக்கிட்டே ரிவர்ஸ் எடுத்தான். பக்கத்துல இருந்த பொண்ணு பென்சிலக் கீழ வச்சிட்டா, பாவம். எனக்கு ஏதோ அஞ்சலக்கா பேசற மாதிரி இருந்துது. எழுதிட்டேன்."

"பை கெடச்சுதா?"

"இந்த தடவை பை இல்ல. வாடகைக்கு வீடு தேடறாங்க." அவளுக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. தலையில் தட்டினேன்.

சாயங்காலம் பேச்சுத் தேர்வு. நேரில் ஒரு அம்மா கேள்வி கேட்டார்களாம். அன்றாட வாழ்க்கையில் சத்தம் உங்களைத் தொந்தரவு செய்கிறதா என்று ஒரு கேள்வி. "என் வீட்டுக்காரர் தொழிலே சத்தம்தான், அதனால் அதைப் பற்றி நான் வெளிப்படையாகப் பேச முடியாது" என்று இவள் பதில் சொன்னாளாம். அந்த அம்மா சிரிப்பை அடக்கக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார்களாம்.

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் ஓரம் சாய்ந்து தூங்கிப்போனாள். எங்கள் பக்கத்து டவுன் மரக்காணம் நெருங்கியதும் உப்புக் காற்று உள்ளே வந்தது. எழுப்ப மனசு வரவில்லை. கடைசி நிமிஷத்தில்தான் எழுப்பினேன்.

ஏழா, பதினொன்றா

முடிவு தபாலில் வந்தது. கௌரி ஆஸ்பத்திரியில் இருந்தாள். கவரைப் பிரிக்காமலே மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், அவள் வார்டுக்குப் போன் போட்டேன். அன்று பார்த்து பக்கத்தில் பழ வண்டிக்காரர் புதிதாக வாங்கிய மைக்கில் கொய்யாப்பழம் கூவிக்கொண்டிருந்தார்.

"பிரிங்க" என்றாள்.

பிரித்தேன். "பேச்சு ஏழு."

"லிசனிங் சொல்லுங்க."

"செவன்."

"இன்னா?"

"செவன்."

"லெவனா?"

"எப்படி லெவன் வரும், மொத்தமே ஒம்பதுதான. ஏழு, கௌரி. ஏழு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "மொத்தம்?" என்றாள். ஆறரை, எதிலும் ஆறுக்குக் கீழே இல்லை என்றேன். யாரோ பேஷண்ட் கூப்பிடுகிறார் என்று சொல்லி வைத்துவிட்டாள். பூத்தை விட்டு வெளியே வந்து பழ வண்டிக்காரரிடம் கொய்யாப்பழம் வாங்கினேன். அவருடைய மைக் கூவியது. ஸ்பீக்கரைக் கொஞ்சம் திருப்பி வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் அஞ்சலை வீட்டுக்கு வந்தாள். "நாங்க எல்லாரும் பாஸா?" என்று கேட்டாள். பாஸ்தான் என்றேன். கொய்யாப்பழத்தை எல்லோருக்கும் அறுத்துக் கொடுத்தாள் கௌரி.

பேங்க் கடன், விசா, கம்பளிச் சட்டை என்று மற்றதெல்லாம் எல்லோர் வீட்டிலும் நடப்பது போலத்தான் நடந்தது. தை மாதம் பிறப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

அங்கே

முதல் போன் இரண்டு நாள் கழித்து வந்தது. நன்றாக இருக்கிறாளா, சாப்பிட்டாளா என்று நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

"பரீட்சைல பேசின ஒருத்தரும் இங்க இல்லீங்க."

"இன்னா சொல்ற?"

"ஒரு வார்த்தை புரியல. பஸ் டிரைவர் பேசறாரு, கடைக்காரம்மா பேசறாங்க, எல்லாரும் அன்பாத்தான் பேசறாங்க. ஆனா இங்கிலீஷ் மாதிரியே இல்ல. நான் 'சாரி' 'சாரி'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். எனக்கு ஏழு போட்டது தப்போ?"

சொல்லிவிட்டு அழாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

படிப்பு இல்லாத நேரம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனாள். அங்கே இருந்தவர்கள் பல் இல்லாமலும், தூக்கக் கலக்கத்திலும், பாதி வாக்கியத்தை விழுங்கியும் பேசுவார்களாம். அதைப் புரிந்துகொண்ட பிறகு மற்றவர்கள் பேசுவது சுலபமாகிவிட்டது என்றாள். போனில் அவள் குரல் மாதத்துக்கு மாதம் கொஞ்சம் மாறிக்கொண்டு வந்தது. தமிழ் அப்படியே இருந்தது. நடுவில் வரும் ஆங்கிலம்தான் வேறு யாருடையதோ போல உருண்டது. அவளிடம் போவதற்காக நான் மைக் செட்டைத் தம்பி குமாரிடம் ஒப்படைத்தேன். கிளம்பும் நாள் வரை அதே யோசனைதான் எனக்கு. அந்த உருளுகிற ஆங்கிலத்துக்குள் நான் எங்கே போய் நிற்பேன்.

நான் போய் இறங்கியபோது அங்கே கோடைக்காலம். கடிகாரப்படி சாயங்காலம் தாண்டியிருந்தது. வெயில் நம் ஊர் மத்தியான வெயில் போல வெளிச்சமாக நின்றது. ஆனால் குளிரில் பல் கிட்டியது. ஏர்போர்ட் வாசலில் நீலக் கோட்டு போட்டுக்கொண்டு கௌரி நின்றிருந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டாள். "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

டாக்ஸியில் ஏறினோம். நரைத்த தாடி வைத்த டிரைவர் திரும்பி என்னவோ கேட்டார். இத்தனை வருஷம் சத்தத்தோடு பிழைத்தவன் நான். அதில் ஒரு வார்த்தை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றுகூடத் தெரியவில்லை. கௌரி அவருக்குப் பதில் சொன்னாள். அவர் பேசுவது போலவே, அதே ஏற்றத்தோடும் இறக்கத்தோடும். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தார்.

"இன்னா சொன்ன?" என்றேன்.

"எங்க வீட்டுக்காரரு மொத தடவை வந்திருக்காரு, எல்லாத்தையும் பார்க்கணும், கொஞ்சம் மெதுவா ஓட்டுங்கன்னு சொன்னேன்."

அவர் மெதுவாகத்தான் ஓட்டினார்.